2024–25 செயலாளர் ஆண்டறிக்கை: மினியேச்சர்களுக்கு நாமே செய்த பெட்டிகள்

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஃபெஞ்சல் புயலால் டிசம்பர்க் கூட்டம் மட்டும் நின்றது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வைப்பார்.

இந்த ஆண்டு சங்கத்தின் முக்கிய வேலை என்று நான் கருதுவது, நமது மினியேச்சர்களை, அதாவது போர் மேசை ஆட்டங்களுக்கு நாம் வண்ணம் தீட்டி வைக்கும் சிறு போர்வீரர் பொம்மைகளை, ஒடியாமல் கொண்டுபோகப் பெட்டி செய்ததைத்தான். தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டையை 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை பிடித்த முற்றுகையைக் கடலூர் உறுப்பினர்கள் மேசை ஆட்டமாக அமைத்தார்கள். பிரெஞ்சுப் படைப் பொம்மைகள் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் போயின. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் ஷூ டப்பாவுக்குள் பொம்மைகள் ஒன்றோடொன்று இடித்து, துப்பாக்கி முனையில் நிற்கும் பயனெட் கத்திகள் பல ஒடிந்துவிட்டன. 28 மி.மீ. பொம்மையின் பயனெட் குண்டூசி கனம்கூட இருக்காது. அந்தப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டியவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை ஏன் அவசரமானது என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பெட்டிகளோ ஆயிரக்கணக்கில் விலை. படிக்கிற பிள்ளைகள் வாங்க முடியாது.

நாம் தேர்ந்தெடுத்தது காந்த முறை. கிளிப் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவின் அடியில், அளவுக்கு வெட்டிய ஜிஐ தகரத்தை டபுள் சைடு டேப்பால் ஒட்டுகிறோம். பொம்மையின் அடித்தட்டுக்குக் கீழே, 8 மி.மீ. அகலமும் 2 மி.மீ. கனமும் உள்ள நியோடிமியம் காந்தத்தை எம்சீலில் பதிக்கிறோம். காந்தம் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். தகரத்துக்கும் அதற்கும் சிறு இடைவெளி விழுந்தாலும் பிடி வெகுவாகக் குறைந்துவிடும். எம்சீல் இறுகுமுன் பொம்மையை பாலிதீன் தாள் விரித்த தகரத்தின் மேல் நிறுத்திவிட்டால் காந்தம் தானே சமமாகிவிடும். இந்த யோசனையைச் சொன்னவர் நமது இளைய உறுப்பினர் ஒருவர். பிளாஸ்டிக் காலாட்படைக்கு ஒரு காந்தம் போதும். ஈயக் கலவையில் வார்த்தவற்றுக்கும் குதிரை வீரர்களுக்கும் இரண்டு வேண்டும். டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கி, ஒன்றும் விழாவிட்டால்தான் பஸ் ஏறலாம். தகரம் பழைய இரும்புக் கடையிலும் டப்பா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலும் கிடைத்ததால் செலவு பெரும்பாலும் காந்தத்துக்கு மட்டுமே ஆனது.

எவர்சில்வர் டப்பா வாங்க நினைப்பவர்கள் கடைக்குக் கையில் ஒரு காந்தத்தோடு போகவும். பெரும்பாலான எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. பிஸ்கட் டின்னில் நன்றாக ஒட்டும்; ஆனால் நமது கடற்காற்றில் வெட்டிய ஓரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை அடித்துக்கொள்வது நல்லது.

காந்தம் வேண்டாதவர்கள் ஃபோம் வைக்கலாம். திண்டுக் கடையில் மிஞ்சும் ஸ்பாஞ்ச் மலிவுதான், ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் சில ஆண்டுகளில் உதிர்ந்து பிசுபிசுத்துப் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். டிவி, ஃப்ரிட்ஜ் பேக்கிங்கில் வரும், அழுத்தினால் வளைந்துகொடுக்கும் வெள்ளை ஃபோம் அதைவிட நல்லது. தெர்மாகோலை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரப்பர் சொல்யூஷன் பட்டால் கரைந்து குழி விழும். மென்மையான பிவிசி பொம்மைகள் மாதக்கணக்கில் அதில் பட்டுக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொண்டு கறைபடும்.

2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையில் உறுப்பினர்கள் சிலர் வீட்டில் தண்ணீர் புகுந்தது. அட்டைப் பெட்டியில் தரையில் இருந்த பொம்மைகள் உடையவில்லை. ஆனால் அவற்றின் அடித்தட்டில் ஃபெவிகாலில் ஒட்டிய மணலும் புல்லும் ஊறிக் கழன்றுவிட்டன. கிளிப் டப்பாவில் பரண்மேல் இருந்தவை அப்படியே இருந்தன. அக்டோபர் பிறக்குமுன் எல்லோரும் பொம்மைகளை மேலே ஏற்றிவிட வேண்டுமென்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஒன்றுக்கு மேற்பட்ட நியோடிமியம் காந்தங்களை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளையே போட்டுவிடும். உதிரிக் காந்தங்களைப் பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

புதிய பெட்டிகளோடு இரண்டாம் முறை கடலூர் போனபோது ஒரு பயனெட்கூட ஒடியவில்லை. வீட்டு மாடியைப் பெட்டி வேலைக்குத் திறந்துவிட்ட லாஸ்பேட்டை உறுப்பினருக்கும், அன்று எல்லோருக்கும் சாப்பாடு போட்ட அவர் துணைவியாருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் காந்தங்களை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கே கொடுக்கச் செயற்குழு தீர்மானித்துள்ளது. பீரங்கிகளுக்கும் கோட்டைச் சுவர்த் துண்டுகளுக்கும் ஏற்ற ஆழமான பெட்டி இன்னும் சரியாக அமையவில்லை. அதற்கான அடுத்த பட்டறை கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடக்கும். தகரமும் எம்சீலும் சங்கம் தரும். டப்பாவும் பேப்பர் கட்டரும் அவரவர் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்