ஆண்டறிக்கை: பங்குனியில் கோடியக்கரை

நம் பறவை நோக்கும் குழுவின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் உதவியாக இருக்கும். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது பங்குனியில் ஒரு ஞாயிறு கோடியக்கரைக்குப் போய்வந்ததைப் பற்றி.

எப்போதும் ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை ஒட்டித்தான் போவோம். அப்போது எல்லார் கண்ணும் பூநாரை மேல்தான் இருக்கும், சேற்றில் இரை தேடும் சிறு வலசைப் பறவைகளான உள்ளான்கள் ஒரே சாம்பல் நிறத்தில் நிற்பதால் எது எது என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பங்குனியில் அப்படி இல்லை. மழைத் தண்ணீர் வற்றி வேதாரண்யம் சதுப்பில் சேறு வெளியே வந்திருந்தது, உப்பளப் பாத்தி ஓரமெல்லாம் பறவைகள். ஸ்கோப்பில் (தொலைநோக்கியில்) ஒரு வளைமூக்கு உள்ளானை வெகுநேரம் பார்த்தோம்: முதுகில் இன்னும் பழைய சாம்பல் இறகு, மார்பிலும் வயிற்றிலும் மட்டும் திட்டுத் திட்டாகச் செங்கல் சிவப்பு. பாதி சாயம் ஏறிய துணி மாதிரி. அந்தச் சிவப்பு இனப்பெருக்கக் கால நிறம், அதற்காக சைபீரியாவின் வடகோடிக்குக் கிளம்பும் பறவை அது. உப்புக்கொத்திகள் என்ற சிறு கரைப்பறவைகள் சிலவற்றுக்கும் மார்பில் செம்மஞ்சள் பட்டை வந்திருந்தது.

பக்கத்திலேயே கொசு உள்ளான்கள், தலை தூக்காமல் தையல் மெஷின் ஊசிபோல் சேற்றைக் குத்திக்கொண்டே இருந்தன. ஒன்று 20 முதல் 30 கிராம்தான் இருக்கும். இந்த வாரங்களில் தின்று சேர்க்கும் கொழுப்புதான் வழி நெடுக அதற்கு எரிபொருள், அதனால்தான் அடுத்ததைச் சொல்லியே ஆக வேண்டும். நம்மில் ஒருவர் படம் எடுக்கச் சேற்றில் இறங்கிக் கிட்டே போனதும் மொத்தக் கூட்டமும் எழுந்து மூன்று சுற்றுச் சுற்றி எங்கோ தள்ளிப் போய் இறங்கியது. அவர் உடனே வருத்தப்பட்டார், அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் நாம் கிளப்பிவிடும் ஒவ்வொரு தடவையும் அது சேர்த்ததில் கொஞ்சம் கரைகிறது. இனி வரப்பை விட்டு யாரும் இறங்கக் கூடாது என்று செயற்குழுவில் முடிவு செய்திருக்கிறோம்.

வேன் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி ஐந்தரைக்குத்தான் வந்தது, காலை வெளிச்சத்தில் பாதி போய்விட்டது. பத்து மணிக்கெல்லாம் உப்பளத்தின் மேல் கானல் ஆடத் தொடங்கியதால் நிற்பது சிவப்புக் கால் உள்ள பவளக்காலியா, பச்சைக் கால் உள்ள பச்சைக்காலியா என்றுகூடத் தெரியவில்லை. அடுத்த தடவை முதல் நாள் இரவே வேதாரண்யத்தில் தங்கிவிடலாம் என்பது என் யோசனை.

கோடியக்கரை சரணாலயம் ஆனது 1967இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 2002இல். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல காலமாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆய்வு செய்யும் இடம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அவை கிளம்பும் பருவத்தை இத்தனை வருடம் பார்க்காமல் விட்டது எனக்கு மனசு ஆறவில்லை. ஜனவரிப் பயணம் அப்படியே இருக்கட்டும், அப்புறம் பங்குனியிலும் ஒன்று வைப்போம். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்