பேனா சந்தேகம் கேட்கிறவன் கையில் இருக்கட்டும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. தம்பி மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அரையாண்டு விடைத்தாள் கட்டு இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. மார்ச்சுக்குள் திருப்புதல் தேர்வுகள் வேறு பாக்கி. அதனால் நீ கேட்ட விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

படிப்பகத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் ஆறு பேர் சாயங்காலம் சேர்ந்து கணக்குப் போடுகிறார்கள், கெட்டிக்காரப் பையன் போர்டில் போட மற்றவர்கள் எழுதிக்கொள்கிறார்கள், டெஸ்ட் வைத்தால் அவன் மட்டும்தான் மார்க் வாங்குகிறான் என்கிறாய். வேறென்ன நடக்கும்? போர்டைப் பார்த்து எழுதும்போது எல்லா வரியும் புரிந்த மாதிரியே இருக்கும். அடுத்த வரி என்ன என்று தானே முடிவுசெய்யும் வேலை மட்டும் அதில் கிடையாது. பரீட்சையில் கேட்பதோ அதைத்தான்.

ஆகவே முதல் ஏற்பாடு: சந்தேகம் கேட்கிறவன் கையில்தான் பேனா. சொல்லிக்கொடுக்கிறவன் பேசலாம், கேள்வி கேட்கலாம், எழுதக் கூடாது. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே சட்டம்தான். "இந்தக் கணக்கு யாருக்காவது தெரியுமா?" என்று ஒருவன் போட்டால், கொஞ்ச நேரத்தில் கைடிலிருந்து முழு விடையும் படமாக வந்து விழும். அதோடு அந்தக் கணக்கால் இனி அவனுக்குப் பிரயோஜனம் இல்லை. தான் போட்டவரை படம் எடுத்து, நின்றுபோன வரியில் வட்டம் போட்டு அனுப்பச் சொல். பதில் சொல்கிறவன் அந்த ஒரு வரிக்கு மட்டும் வழி சொன்னால் போதும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். டேன் மதிப்பைக் கொடுத்தால் கோணத்தைத் தருவதுதான் டேன் இன்வர்ஸ். டேன் இன்வர்ஸ் 1, டேன் இன்வர்ஸ் 2, டேன் இன்வர்ஸ் 3 மூன்றையும் கூட்டினால் என்ன? பிள்ளைகள் பாய்ந்து சூத்திரத்தைப் போடுவார்கள்: 2-ஐயும் 3-ஐயும் கூட்டி 5, ஒன்றிலிருந்து பெருக்கற்பலன் 6-ஐக் கழித்து −5, வகுத்தால் −1. டேன் இன்வர்ஸ் −1 என்பது −45 பாகை. டேன் இன்வர்ஸ் 1-இன் 45 பாகையைச் சேர்த்தால் விடை பூஜ்யம். ஒரு வரியிலும் கூட்டல் கழித்தல் தப்பில்லை, விடை மட்டும் தப்பு. இந்த இடத்தில் "பெருக்கற்பலன் ஒன்றுக்கு மேல் போனால் பை, அதாவது 180 பாகை, சேர்க்கணும்" என்று சொல்லிவிட்டால் அது இன்னொரு மனப்பாடம். "மூன்றும் பாசிட்டிவ் கோணம்தானே, கூட்டினால் எப்படி சைபர் வரும்?" என்று மட்டும் கேட்கவேண்டும். 2, 3 இரண்டும் 1-ஐவிடப் பெரியவை, ஆகையால் இரு கோணமும் தனித்தனியே 45 பாகைக்கு மேல், கூட்டினால் 90-ஐத் தாண்டும், டேன் இன்வர்ஸின் முதன்மை மதிப்போ −90-க்கும் 90-க்கும் நடுவில்தான் இருக்கும், எனவே சூத்திரம் தந்த −45-உடன் 180 சேர்த்து 135 ஆக்கவேண்டும் என்பது அவன் வாயிலிருந்தே வரட்டும். 135-உம் 45-உம் 180. விடை பை.

அது பிடிபட்டதா என்று பார்க்க, உடனே இதைக் கொடு: டேன் இன்வர்ஸ் 2எக்ஸ் + டேன் இன்வர்ஸ் 3எக்ஸ் = பை/4, அதாவது 45 பாகை. சுருக்கினால் 6எக்ஸ்² + 5எக்ஸ் − 1 = 0 என்று வரும். எக்ஸுக்கு 1/6, −1 என்று இரண்டு மதிப்பு. −1 போட்டால் இடப்பக்கத்தில் இரண்டுமே நெகட்டிவ் கோணம், 45 பாகை வரவே வராது. அதைக் காரணத்தோடு நீக்கிவிட்டு 1/6 மட்டும் எழுதுகிறவனுக்குத்தான் முந்தைய கணக்கு புரிந்திருக்கிறது.

யாரை யாரோடு உட்கார வைப்பது என்று கேட்டிருந்தாய். முதல் மார்க் பையனைக் கடைசிப் பெண்ணோடு உட்கார வைப்பதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 85 வாங்குகிறவன் மூன்று வரியை மனதிலேயே போட்டுவிட்டு நான்காவது வரியிலிருந்து பேச ஆரம்பிப்பான். 35-க்கு மூச்சு வாங்குகிற பிள்ளைக்கு 55 வாங்குகிறவள்தான் சரி. அந்த மூன்று வரியில் எங்கே சறுக்கும் என்பது அவளுக்கு நேற்றுவரை தெரிந்த சங்கதி. முதல் மார்க் பையனுக்கு வேறு வேலை இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

தாளை மாற்றித் திருத்தும்போது முதலில் வினாவைச் சரியாக எடுத்து எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல். பாதித் தப்பு அங்கேயே அகப்படும். பிறகு முதல் தப்பு வரியைக் கண்டுபிடித்து, பக்கத்தில் கோடு போட்டு, அதோடு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அணியில் ஒன்று சொல்கிறேன். மூன்று சமன்பாடுகளுக்கு எப்போது தீர்வு உண்டு என்று கேட்கும் கணக்கு. கெழுக்களோடு வலப்பக்க எண்களையும் சேர்த்து எழுதிய விரிவுபடுத்தப்பட்ட அணியின் நிரைகள் 1, 1, 1, 4. அடுத்தது 1, 2, 3, 7. மூன்றாவது 1, 4, லாம்டா, மியூ. கீழே போகப்போக முன்னால் பூஜ்யம் கூடும் ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் கடைசி நிரை 0, 0, லாம்டா − 7, மியூ − 13. இதுவரை எல்லோரும் வந்துவிடுவார்கள். அதற்கப்புறம், "ஒரே ஒரு தீர்வு: லாம்டா ≠ 7, மியூ ≠ 13" என்று எழுதுவார்கள் பார், அங்கேதான் மார்க் போகிறது. லாம்டா 7 இல்லையென்றால் கெழு அணிக்கும் விரிவுபடுத்தப்பட்ட அணிக்கும் தரம் (ஏறுபடி வடிவத்தில் முழுதும் பூஜ்யமாகாத நிரைகளின் எண்ணிக்கை) 3, மியூ எதுவாக இருந்தாலும் கவலையில்லை. லாம்டா 7 ஆனபிறகுதான் மியூ பேச்சே வரும்: 13 என்றால் எண்ணற்ற தீர்வுகள், 13 இல்லையென்றால் தீர்வே இல்லை. இன்னொரு கோளாறும் உண்டு. கடைசி நிரையை லாம்டா − 7-ஆல் வகுத்துவிடுவார்கள். அது பூஜ்யமாகும் நிலையையும் சேர்த்து ஆராயத்தானே கணக்கே!

வகைக்கெழுச் சமன்பாட்டில் ஒன்றை மட்டும் கவனி. எக்ஸ் இன்ட்டு டிஒய் பை டிஎக்ஸ் + 2ஒய் = எக்ஸ்² என்றால் ஒய்-இன் கெழுவான பீ 2 என்று எடுத்துக்கொண்டு அடுக்குக்குறிச் சார்புக்குப் போய்விடுவார்கள். முதலில் எக்ஸால் வகுக்கவேண்டும், அப்போது பீ என்பது 2/எக்ஸ், தொகையிட வசதியாக இருபக்கமும் பெருக்கும் தொகையீட்டுக் காரணி எக்ஸ்². டிஒய் பை டிஎக்ஸ் முன்னால் வேறு எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று ஒரு தரம் சொன்னால் போதும்.

நம் காலத்தில் பாடத்துக்கு இருந்த 200 மார்க் இப்போது இல்லை, மொத்தம் 1200 என்பது 2019 மார்ச்சிலிருந்து 600 ஆகிவிட்டது. கணக்குக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. ஒரு மார்க் வினா 20, சாய்ஸ் இல்லை. இரண்டு மார்க்கில் பத்துக்கு ஏழு, அதில் 30-ஆவது கட்டாயம். மூன்று மார்க்கிலும் பத்துக்கு ஏழு, 40-ஆவது கட்டாயம். ஐந்து மார்க் ஏழு, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. எழுத 180 நிமிடம். ஒரு மார்க் வினாக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 20, இரண்டு மார்க் ஒவ்வொன்றுக்கும் 4, மூன்றுக்கு 6, ஐந்துக்கு 10 என்று போட்டால் 160 ஆகும், சரிபார்க்க 20 மிச்சம். படிப்பகத்தில் ஐந்து மார்க் கணக்குக்கு அரை மணி நேரம் எடுத்துப் பழகினால் ஹாலில் அது நடக்காது. ஜனவரியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துப் போடட்டும்.

ஒரு மார்க்கை "விடை ஆ" என்று சத்தம் போட்டுப் படிக்கிறார்களா? நிறுத்து. ஒருவன் மீதி மூன்றும் ஏன் ஆகாது என்று சொல்லவேண்டும், மற்றவன் மறுக்கவேண்டும். தேர்ச்சிக்கே தடுமாறுகிற பிள்ளைகளுக்குத் தனிநிலைக் கணிதத்திலுள்ள மெய்ம்மை அட்டவணையை, அதாவது ஒரு கூற்று எப்போது சரி, எப்போது தப்பு என்று காட்டும் கட்டத்தை, முதலில் கொடு. நிரை எண்ணிக்கையைத் தப்பவிடாமல் போட்டால் நம்பி மார்க் எடுக்கலாம்.

முதல் மார்க் பையனுக்கான வேலை: கட்டாய வினாக்கள் பெரும்பாலும் புத்தகத்தில் அப்படியே இருக்காது. அவன் வாரம் இரண்டு கணக்கை எண் மாற்றி, நிபந்தனை மாற்றி உருவாக்கவேண்டும், விடை சரியாக வரும்படி. மேலே சொன்ன அணிக் கணக்கில் 7-ஐயும் 13-ஐயும் வரவழைக்க எண்களை எப்படிப் பொறுக்குவது என்று யோசிக்கிறவனுக்கு அந்தப் பாடத்தில் சந்தேகம் மிஞ்சாது.

பழைய திருப்புதல் வினாத்தாள் இரண்டு இதோடு வைத்திருக்கிறேன். விடைக்குறிப்பை அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன். சேர்த்து அனுப்பினால் அன்று சாயங்காலமே ஆறு பேர் நோட்டிலும் அது ஏறிவிடும், உனக்குத் தெரியாததா.

அன்புடன்,
ராமலிங்கம்