59 வாக்குகள்

அன்பின் மச்சான்,

நாங்கள் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி? ஆயுர்வேத எண்ணெய் ஏதும் சுகம் தந்ததா?

போன மாதம் மருமகள் கனடியப் பிரஜாவுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்தாள். தாளில் 'சத்தியம் செய்கிறேன் (அல்லது உறுதி கூறுகிறேன்)' என்று இருந்தது. அவள் அடைப்புக்குறிக்குள் இருந்ததையே சொன்னாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு உடனே எசக்கியேல் ஹார்ட் ஞாபகத்துக்கு வந்தார்.

மொன்றியலிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் ட்ருவா ரிவியேர் என்ற ஊர் இருக்கிறது. மூன்று ஆறுகள் என்று அர்த்தம். ஹார்ட் அங்கே பிறந்த யூத வணிகர். இந்தக் கியூபெக் மாகாணம் அப்போது கீழ்க் கனடா என்ற பிரித்தானியக் குடியேற்றம். 1791 அரசியலமைப்பு கொடுத்த சட்டசபையில் ஆங்கிலேயர் சிறுபான்மை. பிரெஞ்சுக் கத்தோலிக்கர்தான் பெரும்பான்மை. 1807 ஏப்ரல் 11, சனிக்கிழமை, அந்த ஊரில் இடைத்தேர்தல். இரகசிய வாக்கு என்பது அப்போது இல்லை. எல்லார் முன்னாலும் நின்று, யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாலு பேர் போட்டி. 116 வாக்குகளில் 59 ஹார்டுக்கு. ஊரில் யூதர் ஒரு கைப்பிடிதான். அப்படியென்றால் அந்த 59 பேரில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள், அதுவும் சத்தமாகச் சொன்னவர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் யூதன் தேர்தலில் நின்றால் எதிர்ப்பு வரும் என்று ஹார்டின் அப்பா ஆரோனுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1796ல் மூத்த மகன் மோசஸ் தேர்தலில் நிற்க நினைத்தபோது, யூதன் என்று சொல்லி உன்னை எதிர்ப்பார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை என்று கடிதம் எழுதினார். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய நம் அப்பாமார் எழுதியது போலவே இருக்கிறது, இல்லையா?

1808 ஜனவரியில் ஹார்ட் தலையை மூடிக்கொண்டு ஹீப்ரு வேதத்தின் மேல் சத்தியம் செய்து சபையில் அமர்ந்தார். முதலில் ஆட்சேபித்தவர் அரசாங்கத்தின் ஆங்கிலேய வழக்கறிஞர் சியூவல். பிப்ரவரி 20ல் 21க்கு 5 என்ற கணக்கில் வெளியேற்றினார்கள். யூத மதத்தவர் சபையில் அமரவோ வாக்களிக்கவோ முடியாது என்பதே தீர்மானம். அடுத்த பொதுத் தேர்தலில் ஊர் அவரையே திரும்ப அனுப்பியது. இந்தத் தடவை மற்ற உறுப்பினர்கள் போலவே கிறிஸ்தவ வேதத்தின் மேல் சத்தியம் செய்தார். 1809 மே மாதம் அப்போதும் வெளியேற்றினார்கள்.

இதன் அரசியல் கணக்கு எனக்கு விளங்காமல் இல்லை. ஹார்ட் ஆங்கிலேய வணிகர் பக்கம் சாய்ந்தவர். பெடார் தலைமையிலான, பிரெஞ்சுக் கத்தோலிக்கரின் கனடியக் கட்சிக்கு அது எதிரணிக்கு ஒரு வாக்குக் கூடுதல். ஆனால் மச்சான், அதே கத்தோலிக்கர் சபையில் இருந்தது எப்படி? 1774 கியூபெக் சட்டம் அவர்களுக்காகச் சத்தியப்பிரமாணத்தின் வாசகத்தை மாற்றிக் கொடுத்ததால்தான் அவர்களால் பதவி ஏற்க முடிந்தது. பிரித்தானியாவிலேயே கத்தோலிக்கர் 1829 வரை காத்திருந்தார்கள். தங்கள் மொழியையும் மதத்தையும் காத்துக்கொள்ளப் போராடியவர்கள், நான் முப்பது வருஷமாக மதிக்கும் மக்கள், தாங்கள் நுழைந்த வாசலில் இன்னொருவனை நிறுத்தினார்கள். நம்மூரில் நாமும் யார் யாரை எந்த வாசலில் நிறுத்தினோம் என்று அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். கோயில் வாசல்கள் உனக்கும் ஞாபகம் இருக்கும்.

பிறகு 1832ல் அதே சபை, பாப்பினோ சபாநாயகராக இருந்தபோது, யூதருக்குச் சம உரிமை கொடுத்தது. அதற்காக மனுக் கொடுத்தவர்களில் ஹார்டின் மகன் சாமுவேலும் ஒருவர். இலண்டன் நாடாளுமன்றத்தில் யூதரான றோத்ஸ்சைல்ட் அமர 1858 ஆகிவிட்டது. சட்டம் வந்தபோது ஹார்டுக்கு 62 வயது. இன்னும் பதினொரு வருஷம் வாழ்ந்தார், ஆனால் அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போகவில்லை.

சரி, கடிதம் நீண்டுவிட்டது. மருமகளின் படம் இத்துடன் அனுப்புகிறேன். கோடையில் நீ வந்தால் ட்ருவா ரிவியேருக்குக் கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்