கைதட்டல் யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சேலம் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். இலங்கைத் தமிழர் அகதி முகாமில் வளர்ந்த பையன்கள் இலங்கை கிரிக்கெட் அணிக்குக் கைதட்டுவது அவருக்குப் பொறுக்கவில்லை. ‘அடித்துத் துரத்திய நாட்டுக்கு என்ன கைதட்டல்?’ என்று கேட்டிருந்தார். எங்கள் மேல் உள்ள அக்கறையில் எழுதியது என்று புரிகிறது. ஆனால் கைதட்டுவது பையன்கள் மட்டுமில்லை. நாற்பதைத் தாண்டிய நானும்தான்.

ஆத்தூர் பக்கம் மறுவாழ்வு முகாம் ஒன்றில் இருக்கிறேன். பெயிண்டிங் வேலை. கோடை சீசனுக்கு முன்னால் ஏற்காட்டில் காட்டேஜ்களுக்கு அடிப்போம், மற்ற நாளில் சேலம் டவுன். என் பூட்டனார் இதே சேலம் ஜில்லாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1948-இல் அங்கே ஒரு சட்டம் போட்டுத் தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்களாக ஆக்கினார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் தாத்தா குடும்பம் மலையை விட்டு வவுனியாவுக்கு இறங்கியது. 1990-இல் அதையும் விட்டு மன்னார், ராமேஸ்வரம், மண்டபம் என்று வந்து, பூட்டனார் கிளம்பிய ஜில்லாவிலேயே அகதி என்று பதிவானோம். இலங்கை அரசைப் பற்றி என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது.

சரி, அப்புறம் எதற்குக் கைதட்டல்?

1996 உலகக் கோப்பையைச் சொல்கிறேன். அந்த ஜனவரி கடைசியில் கொழும்பில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீசும் கொழும்புக்கு ஆட வரமாட்டோம் என்று சொல்லிவிட்டன. யாழ்ப்பாணத்துச் சனம் மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்து அரை வருஷம்கூட ஆகவில்லை. அரையிறுதி கல்கத்தாவில், இந்தியாவோடு. முகாமில் ஒரே ஒரு டிவி. ‘யார் ஜெயிச்சாலும் சத்தம் போடக் கூடாது’ என்று பெரியவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இந்தியா மளமளவென்று சரிந்தபோது நாங்கள் மூச்சுக் காட்டவில்லை. மனசுக்குள் என்ன நடந்தது என்று இப்போது கேட்டாலும் எனக்கு ஒரே பதில் கிடையாது. மார்ச் 17-இல் லாகூர் இறுதியாட்டம். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. அன்றைக்குச் சத்தம் போட்டோம்.

அந்த அணியில் முரளிதரன் இருந்தார். தோட்ட வேலைக்குப் போன ஒரு தாத்தாவின் பேரன். அதற்குச் சில மாதம் முன்னால்தான் மெல்போர்னில் ஆஸ்திரேலிய நடுவர் அவர் பந்தை எறிகிறார் என்று ஏழு தடவை நோ-பால் கொடுத்திருந்தார். 1999-இல் அடிலெய்டில் மறுபடியும் அதே கூத்து. கேப்டன் ரணதுங்க நடுவரிடம் விரலை நீட்டி வாதாடி, அணியையே எல்லைக்கோடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தமிழனுக்காக ஒரு சிங்களவர். அதே நாட்களில் அவருடைய நாட்டு ராணுவம் வன்னியில் ஷெல் அடித்துக்கொண்டிருந்தது. இதை வைத்து அதைக் கழிக்க எனக்குத் தெரியாது, இரண்டும் நடந்தவை. (முரளியின் அரசியல் பேச்சு எனக்குப் பிடிக்காது. அது வேறு விஷயம்.)

அந்த நாடு ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கியது உண்டு. 1931-இலேயே ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. தோட்டத்துச் சனத்திடமிருந்து பிறகு அதைப் பறித்தார்கள். 1945-இல் பல்கலைக்கழகம் வரைக்கும் இலவசக் கல்வி என்றார்கள். தோட்டத்துப் பள்ளிகளை அரசு எடுத்து நடத்த எழுபதுகள் வரை ஆனது. 2016 சுதந்திர தினத்தில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள், 2020-இல் அதை விட்டுவிட்டார்கள். ஆனால் சிலோன் டீ என்று உலகம் குடிப்பது எங்கள் ஆத்தாக்கள் கொழுந்து பறித்து உண்டாக்கிய பெயர். அந்தப் பெருமையை எந்த அரசுக்கும் நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

இலங்கைப் பொருளாதாரம் சரிந்த 2022-ஐ அந்த வாசகரும் டிவியில் பார்த்திருப்பார். கேஸுக்கும் பெட்ரோலுக்கும் நாள் கணக்கில் கியூ. காலிமுகத்திடலில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிமும் அரசுக்கு எதிராகச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மே 18 அன்று அங்கேயே, 2009 போரின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் செத்த தமிழரை நினைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். கொழும்பில், கடற்கரையில், எல்லாரும் பார்க்க! அதே நாள் சென்னையிலிருந்து அரிசியும் பால் பவுடரும் மருந்தும் ஏற்றிய முதல் கப்பல் கிளம்பியது. தமிழருக்கு மட்டும் என்று அனுப்பாதீர்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று அங்கேயுள்ள தமிழ்த் தலைவர்கள் கேட்டுக்கொண்டதாக முதல்வர் சட்டமன்றத்தில் சொன்னார். பட்டினி கிடந்த நேரத்தில் அப்படிக் கேட்டார்களே, அவர்கள் என் ஊர்க்காரர்கள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது. ஜூலையில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடினார். 2009-இல் போர் முடிந்தபோது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் அவர்.

செப்டம்பர் 11-இல் துபாயில் ஆசியக் கோப்பை இறுதியாட்டம். பாகிஸ்தானோடு ஆடி 58-க்கு 5 விக்கெட் போன அணி, 23 ரன்னில் ஜெயித்தது. காப்பாற்றியது 71 அடித்த பானுக ராஜபக்ச. அந்தக் குடும்பப் பெயர் காதில் விழுந்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. நான் கடைசிப் பந்து வரைக்கும் உட்கார்ந்திருந்தேன், என்னையும் அவர் தப்பு சொல்லவில்லை.

இதனால் இந்தியா வேண்டாம் என்று அர்த்தமில்லை. என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், இங்கே படித்தவர்கள், சென்னை அணி தோற்றால் சாப்பிடாமல் படுக்கிறவர்கள். 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் சேர்த்த நாடுகளிலும் இலங்கை இல்லை. விசுவாசத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் இந்தச் சட்டத்தைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதினால் நல்லது.

சோறு போடுவது தமிழ்நாடு என்றும் அவர் எழுதியிருந்தார். 2021-இல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. ரேஷன் அரிசியும் உண்டு. நன்றியோடுதான் வாங்குகிறோம். மழை மாதங்களில் பெயிண்ட் வேலை நிற்கும்போது அந்தப் பணம் கைகொடுக்கிறது. மற்ற மாதங்களில் எங்கள் சோற்றை நாங்களே சம்பாதிக்கிறோம்.

இப்படிக்கு,
முகாம்வாசி ஒருவர்,
சேலம் மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்.)