நாங்கள் வரவில்லையா? ஏரிக்கரை முகாம் பயணம் பற்றி ஒரு புகார்

அனுப்புநர்: ஜூன் 27 புக்கிங்கில் இருக்கும் ஐந்து பேர் குடும்பம், மினியாபொலிஸ்
பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நாள்: ஜூலை 29, 2025
பொருள்: மின்னசோட்டாவின் வாயேஜர்ஸ் தேசியப் பூங்கா, மூன்று ராத்திரி படகு முகாம். பணத்தைத் திருப்பித் தருவது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் மூன்று மெயில் ஆங்கிலத்தில் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது, டிக்கெட் எண் மட்டும் மாறியிருந்தது. விளம்பரத்தைத் தமிழில் போட்டு, வாட்ஸாப் குழுக்களில் பரப்பி, "நம்மாளுங்க நடத்துறது, நம்பி வாங்க" என்றுதானே கூப்பிட்டீர்கள்? அதனால் நாலாவதைத் தமிழிலேயே எழுதுகிறேன். இதையாவது ஒரு மனிதர் படிப்பார் என்று நம்புகிறேன்.

எந்த பேக்கேஜ் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பச்சை டென்ட் படம் போட்ட அதேதான். 1,480 டாலர், ஏப்ரலிலேயே முழுசாகக் கட்டிவிட்டோம். போன வாரம் நீங்கள் அனுப்பிய கணக்கில் முதல் ராத்திரிக்கு எதிரே "நோ ஷோ" என்று போட்டிருக்கிறீர்கள். அதாவது நாங்கள் வரவில்லையாம். அந்தச் சொல்லைப் பார்க்காமல் இருந்திருந்தால் மற்றதையெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். நான், கணவர், பதினாலு வயது மகள், ஏழு வயது மகன், திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் மாமனார். க்ளோக்கே வழியாக 53ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, வர்ஜீனியா, குக், ஆர் என்ற ஊர்களெல்லாம் தாண்டி, கனடா எல்லையில் இருக்கும் இன்டர்நேஷனல் ஃபால்ஸ் வரை போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி, பன்னிரண்டரை மணிக்கு ரெய்னி லேக் படகுத்துறையில் நின்றோம். உங்கள் வவுச்சரில் அச்சடித்திருந்த அதே படகுத்துறை. ரசீதும் போட்டோவும் மணியோடு இருக்கின்றன.

அங்கே கவுன்டரில் இருந்த அம்மா எங்கள் வவுச்சரையும் பெர்மிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் விரலை வைத்து, "நீங்க நிக்கிறது இங்க. உங்க டென்ட் போடற இடம் இங்க" என்று விரலைத் தென்கிழக்கே இழுத்துக்கொண்டே போனார். விரல் போய்க்கொண்டே இருந்தது.

எங்கள் இடம் நமக்கன் ஏரியில். (மாமனார் கடைசி வரை நாமக்கல் என்றுதான் சொன்னார். நாங்களும் திருத்தவில்லை.) இந்தப் பூங்காவை விற்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: டென்ட் போடும் எந்த இடத்துக்கும் ரோடு கிடையாது, தண்ணீரில் மட்டும்தான் போக முடியும். அதனால் எந்தத் துறையில் படகேறுகிறோம் என்பதுதான் எல்லாம். பக்கத்திலிருக்கும் கபெட்டோகமா ஏரியும் நமக்கனும் ஒரே மட்டத்தில் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பவை. ரெய்னி லேக் அவற்றுக்குக் கீழே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கெட்டில் ஃபால்ஸ் என்ற இடத்தில் அணை இருக்கிறது. படகைத் தண்ணீரிலிருந்து எடுத்து, வண்டியில் ஏற்றி, தரை வழியாக அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்க வேண்டும். ரெய்னி லேக் துறையிலிருந்து அந்த அணைக்கே இருபது மைலுக்கு மேல். வாடகைப் படகை அணை தாண்டி விடவே மாட்டோம் என்றார் அந்த அம்மா. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. பயணத்துக்குப் பத்து நாள் முன்பே இதை உங்களுக்குச் சொன்னேன். நானாகக் கண்டுபிடிக்கவில்லை, மாமனார் கண்டுபிடித்தார். பொதுப்பணித் துறையில் முப்பது வருடம், அதில் பாதி பாபநாசம் அணையில் வேலை பார்த்தவர். சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "ஏம்மா, நடுவுல அணை இருக்கே, படகு எப்படிம்மா தாண்டும்?" என்று கேட்டார். நான் உடனே உங்களுக்குப் போன் போட்டேன். எடுத்த தம்பி சொன்னது: "மேடம், எல்லா லேக்கும் கனெக்டட்தான். லேக்னா லேக்தானே!" என் மாமனார் அமெரிக்கா வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நீங்கள் எத்தனை வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள்?

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அங்கே போன் கனடாக்காரன் டவரைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பிளானில் ரோமிங் தனிக் காசு. 47 நிமிடம் காத்திருக்க வைத்தீர்கள், நாதஸ்வர இசை வேறு. கடைசியில் எடுத்தது அதே தம்பி. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. பொறுமையாகத்தான் சொன்னேன். அதற்கு அவர், "மேடம், மேப் பார்க்கத் தெரியாம போயிட்டு எங்களைச் சொன்னா எப்படி? கேம்பிங்னா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணணும். சொகுசு வேணும்னா ரிசார்ட் புக் பண்ணியிருக்கணும்" என்றார். வவுச்சரில் துறையின் பெயரை அச்சடித்தது நானா? பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமனாரின் முகம் சுருங்கிப்போனது. எண்பதை நெருங்கும் மனிதர், வேட்டியும் மங்கி கேப்புமாக வெயிலில் நின்றுகொண்டிருந்தார். "விடும்மா, சின்னப் பையன்" என்றார். நான் விடுவதாக இல்லை. அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக உங்கள் இயந்திரக் குரலே சொன்னது. தயவுசெய்து அதை எடுத்துக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அந்தத் தம்பி கடைசியில் சொன்னது, "ஆஷ் ரிவர் போங்க, அங்க படகு ரெடியா இருக்கும்." சரி என்று வண்டியைத் திருப்பினோம். வந்த வழியிலேயே திரும்பி, 53இல் தெற்கே இறங்கி, காட்டுக்குள் கிழக்கே போனால் ஆஷ் ரிவர். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். (ஆஷ் என்ற பெயரைக் கேட்டதும் மாமனாருக்கு மணியாச்சி ஞாபகம் வந்துவிட்டது. வழி முழுக்கப் பேரப்பிள்ளைகளுக்கு வாஞ்சிநாதன் கதை. அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.) அங்கே எங்கள் பெயரில் படகு இல்லை. உங்கள் கம்பெனி பெயரைச் சொன்னால் அங்கே இருந்த ஊர்க்காரர் ஒருவருக்குத் தெரியவே இல்லை. மறுபடி உங்களுக்குப் போன் போட்டேன். "ஒரு மணி நேரத்துல கூப்பிடுறோம்." கூப்பிடவில்லை. மறுபடி போட்டேன். ஆபீஸ் நேரம் முடிந்துவிட்டது என்றது இயந்திரம்.

ஜூன் கடைசியில் அந்த வடகோடியில் ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். அது வரை அந்தப் படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். எதிரில் தண்ணீர், அதற்கு அப்பால் எங்கேயோ நாங்கள் காசு கொடுத்த டென்ட் இடம். ராத்திரி நெருப்பு மூட்டி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று கட்டி வந்த புளியோதரையைத் தூக்குச்சட்டியிலிருந்து அங்கேயே பிரித்துச் சாப்பிட்டோம். கொசு என்றால் நம் ஊர்க் கொசு இல்லை. மகனின் காது மடல் வீங்கி வடை மாதிரி ஆகிவிட்டது. அவன் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்: "அம்மா, போட் எப்ப வரும்?"

இதற்குப் பெயர்தான் உங்கள் கணக்கில் "நோ ஷோ". வராதது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

ராத்திரி ஆர் ஊருக்குத் திரும்பி ஒரு மோட்டலில் தங்கினோம். 165 டாலர். மறுநாள் காலை உங்களை எட்டு முறை கூப்பிட்ட பிறகு ஒருவழியாக மூன்று மணிக்குப் படகு வந்தது. கூடவே ஐந்து லைஃப் ஜாக்கெட், ஐந்தும் பெரியவர்களுக்கானவை. புக்கிங்கில் பிள்ளையின் வயதைக் கேட்டீர்கள், ஏழு என்று எழுதினேன். மின்னசோட்டாவில் பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் படகில் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். என் மகனுக்கு நீங்கள் அனுப்பியதை மாட்டினால் தலை உள்ளே போய்விடுகிறது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மிதக்கும். அந்த ஊர்க்காரர் தன் பேரனுடையதை எடுத்துக் கொடுத்தார். ஏரி வரைபடமும் நீங்கள் தரவில்லை, அதையும் அவர்தான் தந்தார். தண்ணீருக்கடியில் பாறை இருக்கும் ஏரி அது. சிவப்பு மிதவை, பச்சை மிதவை எது எந்தப் பக்கம் வர வேண்டும் என்று என் கணவருக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்து அனுப்பினார். முன்பின் தெரியாத ஆள். ஒரு காசு வாங்கவில்லை.

இடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். டென்ட் போடச் சமப்படுத்திய தரை, மரமேஜை, நெருப்பு வளையம், கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டி, எல்லாம் பூங்காக்காரர்கள் நேர்த்தியாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியின் தாழ்ப்பாளைத் திறக்க எங்களுக்கே கால் மணி நேரம் ஆனது. விடிகாலையில் லூன் பறவை தண்ணீர் மேல் கூவியதைக் கேட்டு மாமனார் எழுந்து வந்து, பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆனால் அதையெல்லாம் நீங்கள் தரவில்லை. நீங்கள் எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள், அவ்வளவுதான். அதையும் செய்யவில்லை.

ஒரு நாள் முழுசாகப் போனதில் கெட்டில் ஃபால்ஸ் போக முடியவில்லை. உங்கள் விளம்பரத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது: தெற்கே பார்த்தால் கனடா தெரியும் இடம். எல்லைக்கோடு அங்கே அப்படி வளைந்து போகிறது. மாமனார் வந்ததே அந்த அணையைப் பார்க்கத்தான். நூறு வருடத்துக்கு மேல் பழைய அணை, மதகு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த முறை அவர் இங்கே வருவாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு நீங்கள் தந்த பதில், அடுத்த பயணத்துக்கு 20 சதவீதத் தள்ளுபடி கூப்பன். அடுத்த பயணமா? உங்களோடா?

இனி கணக்கு. பேக்கேஜ் 1,480. மோட்டல் 165. ரோமிங் 62. வீணாக ஓடிய பெட்ரோல் 40. கணவருக்கும் எனக்கும் போன விடுமுறை நாட்களின் சம்பளம். மாமனாரின் விமான டிக்கெட்டில் பாதி, அவர் பார்க்க வந்ததைப் பார்க்கவிடாமல் செய்ததற்காக. மன உளைச்சல். எல்லாம் சேர்த்து 5,000 டாலர் கேட்கிறேன். டிக்கெட்டில் பாதி எதற்கு என்று கணவர்கூடக் கேட்டார். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

சண்டை போட வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. நம் ஆட்கள் தொழில் செய்தால் சந்தோஷப்படுகிறவள் நான். நேர்மையாகப் பேசினால் தொகையில் கொஞ்சம் முன்னே பின்னே பேசித் தீர்த்துக்கொள்ளவும் தயார். ஆனால் ஆகஸ்ட் 8ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால் கிரெடிட் கார்டு கம்பெனியில் டிஸ்பியூட் போடுவேன், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கு எழுதுவேன். அதற்கும் அசையாவிட்டால் சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கும் கன்சிலியேஷன் கோர்ட். அங்கே வக்கீல்கூட வேண்டாம், நானே வந்து பேசுவேன். நான் பேசினால் எப்படி இருக்கும் என்று அந்தத் தம்பியைக் கேட்டுப் பாருங்கள்.

பணம் வரும் நாளில் வரட்டும். முதலில் அந்த "நோ ஷோ" என்ற சொல்லை எங்கள் பெயருக்கு எதிரேயிருந்து எடுங்கள். மாமனாரிடம் அந்தத் தம்பியையே போன் செய்து வருத்தம் தெரிவிக்கச் சொல்லுங்கள். மாமனார் செப்டம்பர் 14 வரை இங்கே இருப்பார். மதியம் இரண்டிலிருந்து நாலு தூங்குவார், அந்த நேரம் வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் மரியாதையோடு எழுதும்
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: திங்கட்கிழமை படகைத் திருப்பிக் கொடுக்கும்போது எங்கள் எவர்சில்வர் தூக்குச்சட்டியை முன் பலகைக்கு அடியில் விட்டுவிட்டோம். மூடியில் மாமியார் பெயர் பொறித்திருக்கும். இதை மூன்று மெயிலிலும் எழுதினேன். அதையும் அனுப்பி வையுங்கள்.