அத்தை, ஓய்வது வேறு, ஆறுவது வேறு

அன்புள்ள அத்தைக்கு,

புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து உங்கள் மருமகன் எழுதுவது. எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதட்டுமா என்று போனில் கேட்டபோது, "எழுதிக்கோ, தெருப் பேரை மட்டும் போடாதே" என்றீர்கள். போடவில்லை. கடலூர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கர்ப்பப்பையை எடுத்த ஆபரேஷன். தையல் போட்ட இடம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா என் எதிரில்தான் சொன்னார். அதற்குள் நனைத்த போர்வைகளைப் பக்கெட்டில் போட்டு மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். நான் சத்தம் போட்டதற்கு, "எங்களுக்கெல்லாம் ஏதுடா ஓய்வு? ஒரேயடியா ஓஞ்சாத்தான் ஓய்வு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அத்தை. நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஏதாவது ஒரு நாள் இதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

ஏன் அப்படிச் சொல்ல வருகிறது என்று யோசித்தேன். ஓய்வு என்ற சொல்லை நாம் புழங்குகிற விதத்திலேயே அதற்குக் காரணம் இருக்கிறது என்று தோன்றுகிறது. மழை ஓய்கிறது. பம்பரம் ஓய்கிறது. ஊஞ்சலை விட்டு இறங்கினால் அது நாலு தரம் ஆடிவிட்டு ஓய்கிறது. பஸ் ஓய்வதில்லை, நிற்கிறது. பிரேக் போட்டால் எதுவும் சட்டென்று நின்றுவிடும். ஓய்வதற்கு நேரம் பிடிக்கும். உள்ளே இருந்த வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தால்தான் ஓய்ந்தது என்கிறோம். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்ததே, அன்று இரண்டு ஊரிலும் எல்லோர் வாயிலும் இருந்தது ஒரே கேள்வி: "காத்து ஓஞ்சுதா?" ஓய்ந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன.

மனிதர்களுக்கும் அதே சொல்தான். கை ஓஞ்சு போச்சு என்றால் தெம்பு போய்விட்டது. ஆள் ஓஞ்சுட்டார் என்றால் இனி அவரால் ஒன்றும் ஆகாது. அதே சமயம் ஓயாத உழைப்பு என்றால் பாராட்டு. ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் பாடுபட்டார் என்று சொன்னால் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. கலைஞரைக் கடற்கரையில் அடக்கம் செய்தபோது பேழையில் பொறித்திருந்த வரி உங்களுக்கு நினைவிருக்கும்: "ஓய்வெடுக்காமல் உழைத்தவன் இதோ ஓய்வு கொண்டிருக்கிறான்." 2018 ஆகஸ்டில் அதை டிவியில் பார்த்துக் கண் கலங்காதவர்கள் குறைவு. முதல் ஓய்வு அன்றாடம் வேலைக்கு நடுவில் எடுப்பது, இரண்டாவது ஓய்வு சாவு. ஒரே சொல் இரண்டுக்கும் போதுமாக இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது எடுக்காமல் இருந்தால் பெருமை, போன பிறகு எடுத்துக்கொண்டால் நிம்மதி என்பதுதான் நம் எல்லோர் மனதிலும் ஊறிக் கிடக்கிறது. நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னதும் அதைத்தான்.

இன்னொரு ஓய்வு இருக்கிறது, ஓய்வு பெறுவது. அது யாருக்குக் கிடைத்தது என்று நம் வீட்டிலேயே பார்த்தோம். தாத்தா ரோடியர் மில்லிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்தார். ஆயா வழக்கம்போல இருட்டில் எழுந்து வாசல் தெளித்தாள். தாத்தா வீட்டிலேயே இருந்ததால் பதினோரு மணிக்கு ஒரு டீ கூடுதலாகப் போட வேண்டி வந்தது, அவ்வளவுதான் ஆயாவுக்கு வந்த மாற்றம். ஓய்வூதியம் என்ற வார்த்தையில் ஊதியமும் இருக்கிறது, ஓய்வும் இருக்கிறது. ஆயாவுக்கு இரண்டுமே இல்லை.

தாத்தா சங்கு ஊதினால் கிளம்பி, சங்கு ஊதினால் திரும்பி வந்தவர். அந்தச் சங்குக்கு ஒரு கணக்கு வந்ததே உயிரைக் கொடுத்துத்தான். புதுச்சேரி மில்களில் விடிந்ததிலிருந்து அடைகிறவரைக்கும் வேலை வாங்கிய காலம் அது. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை, கூலி உயர்வு கேட்டு வ. சுப்பையா போன்றவர்கள் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் சவானா மில் தொழிலாளர்களைச் சுட்டது. 12 பேர் செத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு தொழிற்சங்க உரிமையையும் எட்டு மணி நேர வேலையையும் பிரெஞ்சு அரசு ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தது. ஆசியாவிலேயே எங்கள் ஊரில்தான் முதலில் வந்தது என்று இங்கே பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஜூலை 30 வந்தால் மாலை போடுகிறார்கள். ரோடியர் மில் ஏஎஃப்டி என்று பேர் மாறி, 2020-ல் அதையும் மூடிவிட்டார்கள். சங்குச் சத்தம் இல்லை, ஆனால் அந்த எட்டு மணி நேரம் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேர் கேட்டது சோம்பிக் கிடக்க அல்ல அத்தை. பிள்ளை முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், உடம்பு மறுநாளும் வேலைக்கு ஆக வேண்டும், அதற்குத்தான் கேட்டார்கள்.

தொழிற்சாலைச் சட்டம் என்று 1948-ல் ஒன்று வந்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது இடைவேளை விட வேண்டும் என்றது அது. உங்கள் ஊர் சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்கு அப்படி ஓர் உரிமை கிடைத்தது. உங்கள் மகள் துணிக்கடையில் கால் கடுக்க நின்றாளே, அவளைப் போன்றவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டி ராத்திரி பத்துக்குப் பாத்திரம் கவிழ்க்கிறவரைக்கும் நிற்கிற உங்களுக்கு எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே வீட்டில் இருக்கிற நாங்கள்தான் அந்தச் சட்டமாக இருக்க வேண்டும். இத்தனை வருஷம் இருக்கவில்லை.

"வேலை ஓயட்டும், படுக்கிறேன்" என்பீர்கள். அலை ஓய்ந்த பிறகு தலை முழுகலாம் என்று யாராவது கரையில் காத்துக்கொண்டிருப்பார்களா? கடலுக்குக்கூட நாம் ஓய்வு கொடுக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கட்டும் என்று. கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் மீனவர்கள் வலையைப் பிரித்துப் பொத்தல் பார்த்துக் கட்டுவார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். தடைக்காலம் முடிந்து முதல் வரத்து வரும்போது கூடையோடு போய் நிற்பது நீங்கள்தான். அந்த மீன் எங்கிருந்து வந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாடலீசுவரர் கோயிலிலும் மதியம் நடை சாத்துகிறார்கள். ஏன் என்று யாரும் போய்ச் சண்டை பிடிப்பதில்லை.

சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். அதன் உயரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தலைச்சுமையோடு வருகிறவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் தானே சுமையை அதில் நகர்த்தி வைக்கலாம். கொஞ்ச நேரம் கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, தானே திரும்பத் தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். குனிய வேண்டாம், தூக்கிவிட ஆள் தேட வேண்டாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது அந்தக் காலத்தில் நம் பக்கத்து வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன பாரத்துக்காக, வழியில் போகிற எல்லோரும் பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம். இதை யோசித்த மனிதர்கள் யாரோ, அவர்களுக்கு என் கும்பிடு. சந்தைக்குப் போகிறவர் பாதி வழியில் சுமையை இறக்கினார் என்பதற்காக, அவர் ஓய்ந்துவிட்டார் என்று அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இளைப்பாறினார்.

இளைப்பாறுவது என்ற சொல்லைத்தான் உங்களிடம் கொண்டுவர நினைத்தேன். இளைப்பு ஆறுகிறது. களைப்பு ஆறுகிறது. புண்ணும் ஆறுகிறது, பசியும் ஆறுகிறது, கோபமும் ஆறுகிறது. துக்க வீட்டில் மனசு ஆற நாலு வார்த்தை பேசுகிறோம். காலாற நடந்துவிட்டு வருகிறோம். ஓய்ந்தால் உள்ளே இருந்தது தீர்ந்துபோகும். ஆறினால் கெட்டுப்போனது தேறி வரும். டாக்டரம்மா உங்களை ஓயச் சொல்லவில்லை, வயிற்றுக்குள் போட்ட தையல் ஆற வேண்டும் என்றுதான் சொன்னார். வெளியே தோல் சேர்ந்துவிட்டது கண்ணுக்குத் தெரிகிறது; உள்ளே சேர இன்னும் நாள் ஆகும். அதற்குள் முக்கித் தூக்கினால் அடிவயிற்றில் இழுபடும், சேர்ந்த இடம் விடும். மாடிப்படியில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினீர்களே, அது உடம்பு சொல்வதுதான்.

படுத்தே கிடக்கவும் அவர் சொல்லவில்லை. வீட்டுக்குள் மெதுவாக நடக்கலாம், நடந்தால்தான் காலில் ரத்தம் கட்டாது. உட்கார்ந்து காய் நறுக்கலாம், பேத்திக்குத் தலை பின்னிவிடலாம். குடம், பக்கெட், அரிசி மூட்டை, கிரைண்டர் கல், இவை வேண்டாம். பேத்தி ஓடி வந்து இடுப்பில் ஏறப் பார்ப்பாள். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் சாப்பிட்டதும் செத்த நேரம் கட்டையைச் சாய்க்கிற பழக்கம் மாமாவுக்கு எப்போதும் உண்டு, நீங்களும் சாயுங்கள். புதுச்சேரியில் எத்தனையோ கடைக்காரர்கள் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் சாயங்காலம்தான் திறக்கிறார்கள், வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. காய்ச்சல் வந்தாலோ, உதிரப்போக்கு அதிகமானாலோ, தையல் பக்கம் சிவந்து நீர் கசிந்தாலோ, அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை மாமாவிடமும் சொல்லிவிட்டேன்.

மாமாவிடம் மற்றதும் பேசிவிட்டேன். காலையில் தண்ணீர் பிடிப்பது அவர் வேலை. முதலில் முனகினார், பிறகு சரி என்றார். துணியை உங்கள் மகன் வேலைக்குப் போகுமுன் காயப் போட்டுவிடுவான். மடிப்பு சரியில்லை, கிளிப் போடவில்லை என்று அவனைத் திட்டிவிட்டு நீங்களே மாடிக்கு ஏறாதீர்கள். கோணலாகக் காய்ந்தாலும் துணி காயும். பாக்கெட் மாவு உங்களுக்கு ஆகாது என்று தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வருகிறேன், அரிசியும் உளுந்தும் மதியமே ஊறப் போட்டு வைக்கச் சொல்லுங்கள், நான் அரைத்துத் தருகிறேன். உளுந்துக்கு எவ்வளவு தண்ணீர் தெளிப்பது என்று நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் சொன்னால் போதும். நடுவில் கேஸ் சிலிண்டர் வந்தால், கொண்டு வருகிற பையனையே உள்ளே வைத்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், நீங்கள் உருட்ட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்