நட்சத்திரம் தொங்காத வீடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அங்கே இங்கிலாந்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, இந்த வருஷம் கிறிஸ்துமஸ் வருகிற மாதிரியே இல்லை, கோயிலுக்குப் போகவும் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். மனதில் சந்தோஷமே இல்லாமல் எப்படிப் பாடுவது என்றும் கேட்டாயாம். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன டிசம்பரில் தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குக் குரலே இல்லை, ஞாபகம் இருக்கும். இனி வராது என்றே அப்போது நினைத்திருந்தேன். அதை உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கோயில் பாடகர் குழுவில், கொயரில், அடிக்குரலான பேஸ் பாடியவன், கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையான கேரல் சர்வீஸ் அன்று கடைசி பெஞ்சில் நின்றேன். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வார்த்தை தெரியாமல் உரக்கப் பாடிக்கொண்டிருந்தான். நான் வாய் திறக்கவில்லை. ஆனாலும் பாட்டு ஒரு சரணம்கூடக் குறையாமல் நடந்து முடிந்தது. ஆராதனை என் தொண்டையை நம்பி நடப்பதில்லை என்று அன்று புரிந்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? எனக்கு முடியாததை மற்றவர்கள் எனக்கும் சேர்த்துப் பாடினார்கள். சபை எதற்கு என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து லூக்கா சுவிசேஷத்தின் முதல் இரண்டு அதிகாரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதில் நான்கு பாட்டுகள் இருக்கின்றன. மரியாள் பாடுகிறாள், சகரியா பாடுகிறார், தேவதூதர்கள், கடைசியில் கிழவர் சிமியோன். யோசித்துப் பார், மரியாள் பாடும்போது குழந்தை இன்னும் பிறக்கவே இல்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாள் வரை சகரியா ஊமையாக இருந்தவர். சிமியோன் கையில் ஏந்தியது ஒரு கைக்குழந்தையை மட்டும்தான். வெளியே ஏரோது அரியணையில் இருக்கிறான், அவனுக்கும் மேலே ரோம ஆதிக்கம் இருக்கிறது. எதுவும் மாறவில்லை. ஆனால் பாடிவிட்டார்கள். கேரல்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். எல்லாம் சரியான பிறகு பாடுவதற்கென்று யாரும் அவற்றை எழுதவில்லை.

நேற்று ராத்திரி வீடு வீடாகப் பாட கேரல் ரவுண்ட்ஸ் போனோம். குரல் முக்கால்வாசி வந்துவிட்டது, மேலே போனால்தான் கீறுகிறது. வழக்கம்போல வேன், கிட்டார், டிரம், கிறிஸ்துமஸ் தாத்தா. புரசைவாக்கத்தில் ஆரம்பித்து ஓட்டேரி, அயனாவரம் என்று போனோம். அயனாவரத்தில் ஒரு வீட்டை இந்த வருஷம் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்த அக்காவின் வீட்டுக்காரர் ஆகஸ்டில் இறந்துவிட்டார். துக்க வீடு, வாசலில் ஸ்டார்கூடத் தொங்கவிடவில்லை. ஆனால் அவர்களே போன் பண்ணி, "தாத்தா வேண்டாம், டிரம் வேண்டாம், வந்து பாட்டு மட்டும் பாடிவிட்டுப் போங்கள்" என்றார்கள். தாத்தா வேஷம் போட்ட பையனைக் கீழே வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனோம். கிட்டார் மட்டும். முதல் இரண்டு சரணத்துக்கும் அந்த அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்கள். மூன்றாவதில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ சேர்ந்தது. எங்கள் ஆல்டோ பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், பாடியது அவர்கள் இல்லை. அந்த அக்கா கல்யாணத்துக்கு முன்னால் கொயரில் இருந்தவர்களாம். அழுதுகொண்டே ஒரு சுரம் தப்பாமல் பாடினார்கள். முடிந்ததும், "இன்னொன்று பாடுவோமா?" என்று அவர்களே கேட்டார்கள். நாலைந்து மாதமாக யார் வீட்டுக்கும் போகாதவர்கள், பாப்பா! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அங்கிருந்து கிளம்பி வேனில் ஏறிய பிறகும் ஒருவரும் பேசவில்லை.

நீ இருக்கிற நாட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. நம் ஊர்க் கோயில்களில் ஒன்பது வேதபாடம் வாசித்து நடுநடுவே பாடுகிறோமே, அந்த முறை அங்கே ட்ரூரோ என்ற ஊரில் 1880ல் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்துக்கு அது வந்தது 1918 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். முதல் உலகப் போர் முடிந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. அதைக் கொண்டுவந்த எரிக் மில்னர்-வைட் போரில் படைக்குருவாக இருந்து திரும்பியவர். எத்தனை பையன்களைப் புதைத்துவிட்டு வந்திருப்பார்! வந்ததும் அவர் ஏற்பாடு செய்தது பாட்டு ஆராதனை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் ஒவ்வொன்றாக ஏற்றுகிற அட்வென்ட் மெழுகுவர்த்திகளில் முதல் வாரத்துக்கு உரியது நம்பிக்கை. சந்தோஷத்துக்கான அந்த ரோஸ் நிற மெழுகுவர்த்தி மூன்றாவது ஞாயிறுதான் வருகிறது. சபையே அவசரப்படவில்லை, நீ ஏன் அவசரப்படுகிறாய்? வருகிற ஞாயிறு உன் தெருவுக்குப் பக்கத்தில் எந்தக் கோயில் இருக்கிறதோ அங்கே போ. யாரையும் தெரியாவிட்டால் பரவாயில்லை. பாட வரவில்லை என்றால் சும்மா நில், அவர்கள் பாடட்டும்.

அப்புறம், 24ஆம் தேதி கிங்ஸ் ஆராதனையை பிபிசி வானொலியில் நேரடியாகப் போடுவார்கள். உனக்கு மதியம் 3 மணி, எங்களுக்கு இரவு எட்டரை. அம்மாவும் நானும் இங்கே கேட்போம். நீயும் போட்டுக் கேள், முடிந்ததும் கூப்பிடு. கல்கலும் முறுக்கும் எதிர்வீட்டு டீச்சரின் மகனிடம் கொடுத்தனுப்புகிறோம், 20ஆம் தேதி லண்டன் வருகிறான். உன் நம்பரை அவனிடம் கொடுத்திருக்கிறேன்.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

அன்புடன்,
அப்பா